மச்சாளின் காது

என் கணவர் பெரிய கதைக்காரர். பெண் பார்க்க வந்த நாளிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்த நேரத்தைவிட என் அப்பாவோடு காலி வீதி பஸ்களைப் பற்றிக் கதைத்த நேரம்தான் அதிகம். பிறகு வந்த வருடங்களில் அவருடைய வாய் ஓய்ந்து நான் கண்டதில்லை. சவரம் செய்யும்போதும் கதை, சோறு சாப்பிடும்போதும் கதை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வரும் எனக்கு, பின்னேரங்களில் அமைதி ஒன்றுதான் வேண்டியிருக்கும். "கொஞ்ச நேரம் கதைக்காம இருங்கோவன்" என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன்.

அவருக்குக் கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவிக்கும் இடம் ஒன்று இருந்தது. கடை என்று சொல்ல முடியாது. ஒரு பழைய வீட்டின் பின்பக்கம், தகரக் கூரை, இடியப்பம் பிழிய இரண்டு பெண்கள். விடியற்காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அவித்து வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். இத்தனை தட்டையும் அடுப்பில் வைத்து அவிக்க முடியாது என்று தெமட்டகொடைப் பக்கம் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து பொயிலர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ஓர் ஆள் உயரம், கீழே விறகு எரியும், மேலேயிருந்து ஒரு குழாய் ஆவியை இடியப்பப் பெட்டிக்குக் கொண்டுபோகும். உச்சியில் ஒரு வால்வு. உள்ளே அமுக்கம் கூடினால் அது தானாகத் திறந்து, விசிலடித்து, மிச்ச ஆவியை வெளியே விட்டுவிடும்.

எனக்கு அந்தச் சாமானைப் பிடிக்காது. பக்கத்தில் போய் நின்றால் நிலம் இலேசாக அதிர்வது செருப்புக்குள் தெரியும். அவர் அதன் வயிற்றில் தட்டிச் சிரிப்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களப் பெண் பிள்ளை பெற்று வந்திருந்தாள். விடியற்காலையில் வால்வு விசிலடிக்கும்போதெல்லாம் குழந்தை திடுக்கிட்டு அழுமாம். ஒருநாள் அவள் வேலியோரம் வந்து நின்று, "அய்யே, பபா நிதாகன்னே நே" என்றிருக்கிறாள். குழந்தை நித்திரை கொள்ளுதில்லை என்று ஒரு தாய் வந்து நின்றால் இவர் தாங்குவாரா? ஸ்பானரை எடுத்து அந்த வால்வை இறுக்கிவிட்டார். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து அதையும் ஒரு கதையாகச் சொன்னார்.

"சத்தம் நிண்டுட்டுது. இப்ப பபாவும் நித்திரை, தாயும் நித்திரை."

"அப்ப அந்த ஆவி?" என்று கேட்டேன்.

"அது உள்ளுக்குத்தான் இருக்கும். எங்க போகப்போகுது?"

நான் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் என்னை என்னவோ செய்தது, ஆனால் அதற்குள் அவர் வேறு கதைக்குத் தாவிவிட்டார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பொயிலர் வெடித்தது. பின்னேர அவிப்புக்கு விறகு வைத்துவிட்டு, பிழிகிற பெண்கள் இருவரும் முற்றத்தில் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். இவர் மட்டும் உள்ளே. எனக்குச் சொன்னவரும் அவர்தான். போனை எடுத்ததும் காது அடைக்கும்படி கத்தினார்.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதையும். ஒரு சின்ன வெடிப்பு. கை கொஞ்சம் வெந்துபோச்சு. டிஸ்பென்சரியில கட்டுப் போட்டாச்சு. ஓட்டோவில வாறன்."

"ஏன் இப்பிடிக் கத்துறியள்?"

"என்ன?"

வெடித்த சத்தத்தில் அவருடைய ஒரு காதின் சவ்வு கிழிந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது.

படியேறி வந்தார். முகம் நாள் முழுக்க வெயிலில் நின்றவரின் முகம்போலச் சிவந்து மினுங்கியது. புருவம் இல்லை. மீசையில் பாதி சுருண்டிருந்தது. இடது கை முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. சட்டையில் சாம்பல் மணம். நான் நின்ற நிலையில், "வாங்கோ, பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"ஏன்? டிஸ்பென்சரி டொக்டர் பாத்தவர்தானே. நாளைக்குப் பாப்பம்."

அவருடைய சித்தப்பா எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். எனக்கு மாமா முறை. செய்தி கேட்டு எனக்கு முன்பே கதவடியில் வந்து நின்றவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மனுசன் தன்ர காலில நடந்து வாறான், வடிவாக் கதைக்கிறான். பிறகென்ன பிள்ளை?" என்றார். நான் வாயெடுத்தால் அதற்கு மேல் இரண்டு வாய்கள். விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இடையிடையே சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. பிய்ந்து தொங்கிய தகரக் கூரையை யாரோ படமெடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் எங்கள் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போய்விட்டது. லண்டன், பாரிஸ், சிட்னி, கனடா. நான் எடுத்து, "ஆள் சுகம், படுத்திருக்கிறார்" என்றால் ஒருவரும் நம்புவதாயில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் ஒருவருக்கு ஒன்று நடந்தால், "சுகமாத்தான் இருக்கிறார், வெளியில போயிருக்கிறார்" என்று மாதக்கணக்காக மறைத்துப் பழகிய சனம் நாங்கள். ஆளுடைய வாயால் கேட்டால்தான் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஆகவே, சித்தப்பா போனை ஒரு கையிலும் சார்ஜரை மறு கையிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அழைப்பையும் அவருக்கு வடிவாகக் கேட்கிற காதுப் பக்கம் பிடித்தார். இவரும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார்.

எல்லோருக்கும் முதல் எடுத்தது அவருடைய அக்கா. எனக்கு மச்சாள்; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அவர் கனடாவுக்குப் போனபோது இவர் பள்ளிக்கூடப் பொடியன். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவில்லை, இவரும் போகவில்லை. முகம் பார்த்துக் கதைக்கும் வசதியெல்லாம் வந்த பிறகும் மச்சாள் அதற்குச் சம்மதிக்கவில்லை. "முகத்தைக் கண்டா எனக்கு அழுகை வரும், குரல் காணும்" என்பார். எங்களுக்குப் பின்னேரமாகும்போது அங்கே காலை; வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு தரம் எடுத்துத் தம்பியின் அலட்டலைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார். அன்றைக்கும் அப்படித்தான், கேட்டுவிட்டு, "கவனம் தம்பி" என்று சொல்லி வேலைக்குப் போனார்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். மேல்மாடிக்காரர், கீழ்மாடிக்காரர், என்னோடு படிப்பிக்கும் ரீச்சர்மார். தோடம்பழம், பிஸ்கட், மால்ட் ரின். புழுக்கத்துக்கு மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, நடுவில் இவரை இருத்திவைத்து, "எப்பிடி நடந்தது?" என்று கேட்டார்கள். வந்தவர் கேட்பதும் படுத்தவர் சொல்வதும் எங்களிடத்தில் மரியாதை. நான் குசினிக்குள் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டே கொதித்தேன். வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் இத்தனை பேரில் ஒருவராவது, "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்லக்கூடாதா?

இரண்டாவது கோப்பியை அவர் குடிக்கவில்லை. விழுங்க நோகிறது என்றார். முகம் கழுவும் பேசினில் துப்பிவிட்டு வந்தார். போய்ப் பார்த்தேன். எச்சில் கறுப்பாக இருந்தது.

"மாமா, கறுப்பாத் துப்புறார்."

"சாம்பல் பறந்ததெல்லே பிள்ளை. வரும்தானே."

அதற்குப் பிறகு குரல் கம்மத் தொடங்கியது. கம்மியது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது எங்களுக்குத் தெரியவேயில்லை. பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, நாங்களும் அதோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தீட்டிக்கொண்டோம். நானும்கூட அவருடைய கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர், "என்ன தொண்டை கட்டிப்போச்சு?" என்றதற்குச் சித்தப்பா சிரித்தார். "நாலு நாட்டோட கதைச்சா ஆருக்கும் கட்டும். கொத்தமல்லி அவிச்சுக் குடு பிள்ளை."

கொத்தமல்லி கொதித்துக்கொண்டிருக்கும்போது மச்சாள் திரும்ப எடுத்தார். வேலையிடத்தில் தேநீர் இடைவேளையாம். சித்தப்பா போனைப் பிடித்தார். இவர், "ஓம் அக்கா, சாப்பிட்டனியே?" என்றார்.

"ஆர் கதைக்கிறது?" என்று மச்சாள் கேட்பது எனக்கும் கேட்டது.

"நான்தான் அக்கா."

"பெண்சாதியிட்டக் குடு போனை."

நான் வாங்கினேன். மச்சாள் மெதுவாகத்தான் கதைத்தார். "மச்சாள், காலமை நான் கேட்ட குரல் இல்லை இது. இது தம்பியின்ர குரலே இல்லை. அவனுக்கு உள்ளுக்க என்னவோ நடக்குது."

சித்தப்பா கையை நீட்டிப் போனைக் கேட்டார். "அவளுக்கு அங்க இருந்துகொண்டு என்ன தெரியும்? பதறுறாள். கண்ணுக்கு முன்னால இருத்தி வச்சிருக்கிறம், எங்களுக்குத் தெரியாததே?"

"மாமாவிட்டக் குடுக்காதேங்கோ," என்றார் மச்சாள். "எனக்கு அவன்ர முகம் தெரியாது மச்சாள். குரல் மட்டும்தான் தெரியும். இப்பவே கொண்டுபோங்கோ."

அப்போதுதான் நானும் கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன். என் வீட்டுக் கதிரையில் இருந்து யாரோ ஒரு கிழவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். அடையாள அட்டையையும் காசையும் எடுக்க நான் அறைக்குள் போன நேரத்தில் சித்தப்பாவின் போன் அடித்தது. பாரிஸிலிருந்து யாரோ தூரத்துச் சொந்தம், நான் கலியாணத்திலும் கண்டிராத ஆள். இவர் அதையும் வாங்கி, "ஓமோம், சுகம், சுகம்" என்றார். படியிறங்கத் தொடங்கிய பிறகு அவர் கதைக்கவில்லை.

ஓட்டோ காலி வீதியில் ஏறியதும் அந்தச் சத்தம் தொடங்கியது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில் ஒன்று. வெளியே விடும்போது இல்லை. முதலில் எஞ்சின் என்று நினைத்தேன். பம்பலப்பிட்டியில் வாகனங்கள் நெரிந்து எஞ்சின் நின்றபோதும் அது நிற்கவில்லை. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஹோர்னில் கையை வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. கொட்டாஞ்சேனையில் இவர் இறுக்கி நிறுத்திய அந்த விசில் இவருடைய கழுத்துக்குள்ளேயிருந்து வருவதாக எனக்குப் பட்டது. அவருடைய நல்ல கை என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. பயந்திருந்தார். அவர் பயந்து நான் அதுவரை கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் டோர்ச் அடித்து அவருடைய மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் பார்த்தார். கட்டுப் போட்ட கையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"எப்ப நடந்தது?" என்று தமிழில் கேட்டார்.

"பின்னேரம்."

"இவ்வளவு நேரம் என்ன செய்தீங்க?"

கதைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இவர் வாயைத் திறக்கப் போனார். டொக்டர் கையைக் காட்டி, "கதா கரன்ன எபா" என்றார். கதைக்க வேண்டாம். நான் இத்தனை வருடம் சொல்லிக் கேட்காத மனிதர் உடனே வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு நடந்தபடியே டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். வெடித்தபோது ஆவியும் புகையும் மூச்சோடு உள்ளே போயிருக்கிறது. வெளியே கை வெந்ததுபோல உள்ளே தொண்டை வெந்திருக்கிறது. வெந்த இடம் உடனே வீங்காது, மெல்ல மெல்ல வீங்கும். அதுவரைக்கும் ஆள் நடப்பார், கதைப்பார். முழுக்க மூடிவிட்டால் பிறகு குழாய்கூட உள்ளே போகாது. இப்போது ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதற்குள் மயக்கிக் குழாய் போட வேண்டும்.

கதவடியில் என்னை நிறுத்திவிட்டார்கள். இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. நேர்ஸ் முகத்தில் மாஸ்க்கை வைத்துவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். ஞாபகமில்லை என்று கையால் காட்டினார்.

அந்தக் குரலை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அதன் கடைசிச் சொற்களைப் பாரிஸிலிருக்கும் ஒரு முன்பின் தெரியாத மனிதர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் எனக்கு அவரை மன்னிக்க வரவில்லை.

குழாய் நீண்ட நாள் இருந்தது. பிறகு கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைத்தார்கள். கையில் வெந்த தோலை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் வெட்டி ஒட்டினார்கள். மருந்து கட்டுகிற நாள்தான் பெரிய பாடு. பழைய துணியை நனைத்து நனைத்து உரிப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரர் வாய்விட்டுக் கத்துவார். இவருக்குக் கத்தவும் வழியில்லை. கழுத்துத் துளையில் காற்று சீறும், கண்ணால் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். காதுக்கு ஒரு டொக்டர் வந்தார், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த ஒரு பெண் வந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தும்போது நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சொந்தக்காரர் இப்போது எனக்கு எடுத்தார்கள். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மச்சாளுக்கு மட்டும் எடுப்பேன். அவர் ஒரே ஒரு சொல்தான் கேட்பார். "மூச்சு?" இருக்குது என்பேன். வைத்துவிடுவார்.

துளையை மூடி வீட்டுக்கு விடும்போது அதே பெண் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். குழாய் இருந்த இடத்தில் உள்ளே தழும்பு வரும், தழும்பு சுருங்கினால் மூச்சு வழியும் சுருங்கும், அது ஒரு மாதத்திலும் நடக்கலாம் என்றார். "இழுக்கும்போது விசில் சத்தம் கேட்டால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். உடனே வரவேணும்."

வீட்டுக்கு வந்தோம். நான் லீவு போட்டுவிட்டு அவரோடு இருந்தேன். பக்கத்துக் கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது மட்டும் கதையை நிறுத்திக் காத்திருந்தவர் இப்போது ரயில் இல்லாத நேரத்திலும் நிறுத்திக்கொண்டிருந்தார். வந்த குரல் தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. ஒரு வசனம் சொன்னால் களைத்துவிடுவார். நான் கேட்டேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சமைக்கும்போது, குளிக்கும்போது, அவர் நித்திரை கொள்ளும்போது. விசில் இல்லை. இல்லை என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொன்னேன். வீடு அமைதியாக இருந்தது. நான் கேட்டு வாங்கிய அமைதி.

ஒரு பின்னேரம் அவராகவே போனைக் காட்டினார். அக்காவோடு கதைக்க வேண்டுமாம். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மச்சாள் ஹலோ என்றதும் இவர் குனிந்து, "அக்கா" என்றார்.

"ஆர் கதைக்கிறது? தம்பியிட்டக் குடுங்கோ" என்றார் மச்சாள்.

இவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. "அவர்தான் மச்சாள்," என்றேன்.

மச்சாள் அழவில்லை. அழுவார் என்று நினைத்தேன். "அப்ப கதைக்கச் சொல்லுங்கோ," என்றார். "எனக்குப் பழக வேணும்."

இவர் கதைத்தார். கீழ்மாடிக்காரரின் பூனை, பாணுக்கு நின்ற வரிசை, மழை. ஒரு வசனம், ஒரு மூச்சு, இன்னொரு வசனம். மச்சாள், "ம்" கொட்டிக்கொண்டேயிருந்தார். எனக்குள் ஏதோ இளகியது. பழையபடி ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன். பிறகு, "ம்" நின்றது.

"மச்சாள், போனை அவன்ர வாய்க்குக் கிட்டப் பிடியுங்கோ."

பிடித்தேன்.

"கதைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சும்மா மூச்சு விடட்டும்."

இவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இழுக்கேக்க ஒரு சத்தம் வருது," என்றார் மச்சாள். "உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன். அது சுற்றிச் சுற்றி, மெல்ல ஓய்ந்து, நின்றது. கேட்டது.